ஒடிந்த ஏட்டின் கடைசி எழுத்து

அண்ணே,

மதுரையில் மகள் வீட்டில் தரை துடைக்கிற வாளியில் இப்போது லெமன்கிராஸ் ஆயில் நாலு சொட்டு விடுகிறார்கள். கொசு வராதாம். போன வாரம் சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வேலை செய்கிற அம்மா துடைத்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். வாசனை மூக்கில் ஏறியதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். எங்கள் சாமிப்பெட்டியில் கிடந்த ஓலை ஏட்டின் மேல் நீங்கள் பஞ்சில் தொட்டுத் தடவிய அதே புல்தைலம். "என்னப்பா, தலை வலிக்குதா?" என்று மகள் கேட்டாள். ஆமாம் என்றேன். பொய் சொல்ல எனக்கு அதிக நேரம் ஆவதில்லை. அது உங்களைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. நாம் பிரிந்த பிறகு நீங்கள் உயிரோடு இருந்த நாளில் உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை, போன் செய்ததும் இல்லை. இப்போது பதில் வராது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் உங்களைத் தேடி வந்ததே ஒரு வீம்பில்தான். எங்கள் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து குலசாமி கோயில் முகப்பில் ஒரு வளைவு கட்டுவது, கூடவே வம்ச வரலாறு ஒன்று அச்சடிப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சும்மா இருந்த என்னைச் செயலாளராகப் போட்டார்கள். சும்மா இருந்தவன் கையில் சங்கைக் கொடுத்தால் கேட்க வேண்டுமா? லெட்டர்பேட் வரைக்கும் அடித்துவிட்டேன். 'ஆண்டியப்பப் பண்ணையார் வகையறா' என்று அதில் கொட்டை எழுத்தில் இருக்கும். ஆண்டியப்பர் எங்கள் பாட்டனாருக்கும் பாட்டனார். வெள்ளைக்காரன் காலத்து மனிதர். ஒரு மழை வருசத்தில் ஊர்க் கண்மாய் உடையாமல் காத்த பெரிய பண்ணையார் என்பது வீட்டில் எல்லாரும் சொல்லும் கதை. அந்தக் கதைக்கு ஒரு சான்று வேண்டியிருந்தது.

பழைய எழுத்து வாசிக்கத் தெரிந்தவர் என்று காரைக்குடியில் பலரும் உங்கள் பெயரைத்தான் சொன்னார்கள். பத்திர ஆபீஸுக்கு எதிரே, இரண்டு ஜெராக்ஸ் கடைகளுக்கு நடுவில், ஒரு மேசையும் ஒரு விசிறியும் உள்ள இடம். தலைமுறை தலைமுறையாக மரவேலை செய்த குடும்பம் உங்களுடையது. "எங்க வீட்ல உளியைப் பிடிக்காத கை இது ஒண்ணுதேன் தம்பி. அதுக்குப் பதிலா பேனாவை வச்சு மத்தவுக நிலத்தையெல்லாம் செதுக்கிக்கிட்டு இருக்கேன்" என்று நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள். நான் எங்கள் ஆண்டியப்பரின் பெருமையை அளந்துவிட்டு மூச்சு வாங்கியபோது நீங்கள் கேட்டது ஒன்றுதான்.

"ஏடு கொண்டு வந்திருக்கீகளா, இல்ல கதை மட்டும்தேன் வச்சிருக்கீகளா?"

மறுநாள் ஏட்டோடு வந்தேன். மொத்தம் மூன்று ஓலை. அதில் இரண்டைப் பூச்சி முழுசாகத் தின்றிருந்தது. மூன்றாவது ஓலைக்கு வலது ஓரம் ஒடிந்திருந்தது. தைலம் தடவி, விளக்குக் கரி பூசித் துடைத்து, கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் செருகுகிற லென்ஸை மாட்டிக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தீர்கள். கண்மாய் வந்தது, மடை வந்தது, 'ஆண்டி' வந்தது. கடைசியில் 'பண்ணையா' என்று வந்து அங்கே ஓலை ஒடிந்துவிட்டது.

நான் மேசையில் தட்டினேன். "பாத்தீகளாண்ணே! பண்ணையார்! ஒரு எழுத்துத்தானே போயிருக்கு, ர் போட்டு எழுதிக்கங்க" என்றேன்.

நீங்கள் லென்ஸைக் கழற்றாமலே சொன்னீர்கள்: "ஒடிஞ்ச எடத்துல புள்ளி வைக்கணும் தம்பி. நம்ம எழுத்தைக் கொண்டுபோயி அவுக ஏட்டுல எழுதக் கூடாது." அப்படியே 'பண்ணையா' என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தீர்கள். எனக்கு உள்ளுக்குள் கோபம். ஆசாரி குசும்பு என்று நினைத்துக்கொண்டேன். ஆமாம், அந்த வார்த்தையால்தான் நினைத்தேன். இன்றைக்கு அதையும் மறைக்கப் போவதில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஆண்டியப்பரைத் தேடி உங்கள் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து எங்கெல்லாம் போனேன்! மானகிரிப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் வெயிலில் நடந்தோம். அரியக்குடியில் ஒரு பெரியவர் வீட்டில் பழைய எழுத்து இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் போனால், அவர் எடுத்துக் காட்டியது அவர் மகனின் ஜாதகம். நீங்கள் அதையும் மரியாதைக்கு முழுசாக வாசித்து, பையனுக்கு நல்ல நேரம் வருகிறது என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். வெளியே வந்ததும் "எனக்கு ஜோசியமே தெரியாது தம்பி, வண்டியில ஏறுங்க சீக்கிரம்" என்றீர்கள். வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த வயதில் ஒரு புதுச் சிநேகிதம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு நாள் எங்கள் மடையடி வயலின் வரப்பில் நின்று, இதற்கு என்ன பெயர் என்று கேட்டீர்கள்.

"ஆளுசெய்."

"அப்படின்னா?"

"ஆள் உயரத்துக்கு நெல்லு வெளையும்னு வச்ச பேருண்ணே."

நீங்கள் முழங்கால் உயரத்தில் நின்ற பயிரைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "அப்ப ஆளு கொஞ்சம் குட்டைதேன் போல" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தீர்கள். போகிற வழியில், "பண்ணையாரா இருந்தா ஏட்டுல மொட்டையா ஆண்டின்னு எழுதுவாகளா தம்பி? ஒரு அப்பன், ஒரு அவர்கள் இல்லாமயா?" என்றீர்கள். காற்றில் காது கேட்காதவன் மாதிரி இருந்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர் நிலமெல்லாம் யாருடையது என்று விசாரித்து, கடைசியில் அந்தக் குடும்பத்தார் திருப்பத்தூரில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தது நீங்கள்தான். பஸ்ஸில் போனோம். அங்கே ஓர் அம்மாதான் இருந்தார், எழுபது வயதிருக்கும். ஊர்ப் பெயரையும் வந்த காரியத்தையும் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, எங்க பழைய ஆளுக வகையறாவா நீங்க? வாங்க வாங்க, உக்காருங்க" என்றார். அதில் எள்ளளவு ஏளனமும் இல்லை. சொந்தக்காரர் வந்த மாதிரிதான் காபி போடப் போனார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த அம்மா எடுத்துக் கொடுத்த காகிதம் கொஞ்சம் பழுத்திருந்ததே தவிர, கிழிசல் கிடையாது, பூச்சி அரிப்பு கிடையாது. நீங்கள் சத்தமாக வாசித்தீர்கள். 'நம்முடைய பண்ணையாள் ஆண்டி என்பவன் மடையில் கை ஒடிந்து இனி ஏர் பிடிக்க மாட்டாதவனாய்ப் போனபடியினாலே' மடையடிச் செய்யை அவனுக்கும் அவன் சந்ததிக்கும் கொடுத்ததாக அதில் இருந்தது. மழையில் மடைப்பலகை பெயர்ந்து கண்மாய் உடையப் போகிற நேரத்தில் ஆண்டி உள்ளே இறங்கி, ஊரார் வைக்கோலும் மண்ணும் கொண்டு வருகிற வரைக்கும் பலகையைத் தோளாலும் கையாலும் அணைத்து நின்றிருக்கிறார். பகல் முழுக்க நின்றாராம். கதை உண்மைதான். பண்ணையார் மட்டும் அதில் கிடையாது. செய் என்றால் வயல்; ஆளுக்குக் கொடுத்த வயல் என்பதால் அது ஆளுசெய்.

"போன்ல ஒரு படம் எடுத்துக்கங்க தம்பி, பத்திரமா இருக்கட்டும்" என்றீர்கள். எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்களுக்குக் கால் தரையில் இல்லை. "பண்ணையாரு கண்மாயைக் காத்தாருன்னா நாலு பேரை ஏவியிருப்பாரு, அவ்வளவுதேன். இவரு கையைக் குடுத்துக் காத்திருக்காரு! ஒத்தை ஆளு தம்பி! எனக்கு இப்படி ஒரு பாட்டன் இருந்தா ஊரெல்லாம் தண்டோராப் போடுவேன்" என்றீர்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "இதை இப்பச் சொல்லித்தான் ஆகணுமாண்ணே?" என்று கேட்டேன்.

"பெறகு எப்பச் சொல்றது? ஆண்டி எந்திரிச்சு வந்து சொல்லுவாரா?"

உங்களுக்கு அது புரியவில்லை. புரிய நியாயமும் இல்லை. எங்கள் வீட்டில் பண்ணையாள் என்ற சொல் எதற்குப் பயன்பட்டது என்று உங்களுக்குத் தெரியாதே. என் மகள் சிறுமியாக இருந்தபோது தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றால், "பண்ணையாள் வீட்டுப் பிள்ளை மாதிரி நிக்காதே" என்று அதட்டியிருக்கிறேன். களையெடுக்க வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் தனி டம்ளர். அது இருந்த மாடத்தை நானே பலமுறை பார்த்தும் ஒன்றும் கேட்டதில்லை. அவர்களுடைய பெயர்கள்கூட எனக்கு முழுசாகத் தெரியாது. ரெண்டு ஆளு, மூணு ஆளு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த ஆளில் ஓர் ஆள்தான் எங்களுக்கு மூலம் என்று சொல்லும் காகிதத்தைப் படமாக என் சட்டைப் பையில் வைத்துவிட்டீர்கள்.

வளைவில் என்ன எழுதுவது என்று முடிவு செய்யும் பங்காளிகள் கூட்டத்துக்கு முந்தின வாரம் என்னிடம் சொன்னீர்கள்: "நான் சொல்லிப்புடுவேன் தம்பி. வளைவுல சிமிட்டியில எழுதினப்பறம் அழிக்க முடியாது. நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்." நானும் சரி என்றேன். நல்லாக் கேளுங்கள், சரிண்ணே என்று வாய் திறந்தே சொன்னேன்.

கூட்டம் காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. காலை நேரம். அறுபது எழுபது பங்காளிகள். பின்கட்டில் வெள்ளைப் பணியாரம் வெந்துகொண்டிருந்தது. மேடையில் என் அப்பாவின் தம்பி, எங்கள் வகையறாவில் இன்றைக்கு மூத்தவர், எங்கள் சித்தப்பா. அவர் சொல்வதுதான் முடிவு. உங்களுக்கு ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தோம். நீங்கள் எழுந்து ஆண்டியின் கதையை வாசித்தீர்கள். மடையில் நின்ற இடம் வந்ததும் முன்வரிசைப் பங்காளிகள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். அடுத்து, "இவுக பண்ணையாரு இல்ல, பண்ணையாளு. திருப்பத்தூர்ப் பத்திரத்துல ஒடிசல் இல்லாம இருக்கு. அதேன் உண்மையான பெருமைன்னு எனக்குப் படுது" என்றீர்கள்.

பின்வரிசையிலிருந்து என் பெரியப்பா பேரன் ஒருவன் எழுந்தான். "யோவ், எங்க வம்சம் ஆளா பண்ணையாரான்னு ஒரு ஆசாரி வந்து சொல்லணுமா?" என்று கத்தினான். அங்குட்டும் இங்குட்டும் சிரிப்பு. நீங்கள் அவனைப் பார்க்கவில்லை. "நான் மட்டும் பாக்கலைங்க, தம்பியும் கூட இருந்து பாத்தாக" என்று என் பக்கம் கையைக் காட்டினீர்கள்.

சித்தப்பா என்னிடம் திரும்பினார். "நீ பாத்தியாடா?"

"நான் சரியாப் பாக்கலை சித்தப்பா. அவரு வாசிச்சாரு, நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அந்த வார்த்தையைச் சொன்னபோது போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. படத்தை எடுக்கச் சொன்னவர் நீங்கள். அந்தப் போனை எடுக்கச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை நீங்கள் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து, பையை எடுத்து, சித்தப்பாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சாப்பிடாமல் படியிறங்கிப் போனீர்கள். நான் பின்னால் ஓடி வந்திருக்க வேண்டும். பந்தி விசாரிக்கப் போனேன், அண்ணே. யாருக்குச் சட்னி வேண்டும் என்று கேட்டுக்கொண்டு இலை இலையாக நடந்தேன்.

பத்து நாள் கழித்து, அச்சுக்கென்று நீங்கள் எழுதித் தருவதாக இருந்த நோட்டு கூரியரில் வந்தது. வம்ச வரலாறு முழுவதும் உங்கள் பத்திர எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல். கடிதம் எதுவும் கூட இல்லை. திருப்பத்தூர்க் காகிதத்தை வரிக்கு வரி நகல் எடுத்திருந்தீர்கள். அந்த இடத்துக்கு வந்ததும் என் கண் நின்றுவிட்டது. 'பண்ணையா' என்று எழுதி இரண்டு புள்ளி வைத்திருந்தீர்கள். ஓரத்தில் பொடி எழுத்தில், 'எழுத்துத் தெளிவில்லை' என்று ஒரு குறிப்பு.

கண்ணாடி போலத் தெளிவாக இருந்த எழுத்து அது. இந்தத் தம்பி நாலு பேர் முன்னால் பொய்யனாகக் கூடாது என்று, ஆயுசில் ஒரு எழுத்தைக் கூட்டாத, குறைக்காத நீங்கள் ஒரு பொய்யை உங்கள் கையால் எழுதியிருந்தீர்கள். நான் அதை அச்சுக்குக் கொடுத்தேன். புள்ளி இருந்த இடத்தில் ர் போட்டுக் கொடுத்தேன். வளைவிலும் அதுதான் நிற்கிறது. ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி என்பார்கள். நாங்கள் ஓர் ஆண்டியை அரசனாக்கிச் சிமெண்டில் நிறுத்திவிட்டோம்.

நீங்கள் போன செய்தியைப் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில்தான் பார்த்தேன். அன்று வரத் தைரியமில்லை. எட்டாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். உங்கள் வீட்டு அம்மா, "நீங்க வருவீகன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. அவுகளுக்கு ஏதோ வேலையா இருக்கும், வருவாகன்னு" என்றார். என்ன நடந்தது என்று அவரிடம்கூட நீங்கள் சொல்லவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

போன மாதம், இனி மடியில் கட்டிக்கொண்டு திரிய முடியாது என்று சித்தப்பா வீட்டுக்குப் போனேன். மத்தியான நேரம். மாட்டுக் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். "சித்தப்பா, அந்தப் பத்திரத்தை நான் பாத்தேன். பண்ணையாள்னுதான் இருந்துச்சு. அன்னைக்கு நான் பொய் சொன்னேன்."

அவர் கடலையிலிருந்து கையை எடுக்கவில்லை. "தெரியும்டா."

"பொய்னு தெரியுமா?"

"ஆண்டி ஆளுதேன்னு தெரியும். எங்கப்பா சொல்லியிருக்காரு. ஆளுசெய்யி ஆளுசெய்யின்னு தெனமும் சொல்றமே, தெரியாமயா? அம்புட்டுப் பெரிய பண்ணையாருக்கு ஊருக்குள்ள ஒத்தச் செய்யிதேன் இருந்திருக்குமாக்கும்!"

"அப்பறம் ஏன் சித்தப்பா வளைவுல அப்படிப் போட விட்டீக?"

"இளவட்டப் பயலுக ஆசைப்பட்டானுக, முதல்ல சரின்னேன். அன்னைக்கு அந்த மனுசன் எந்திரிச்சுச் சொன்னாரு பாரு, எனக்கே நெஞ்சு நெறைஞ்சு போச்சு. சரி, வெளிய வந்துருச்சு, ஆண்டி வகையறான்னே போட்டுருவம்னு சொல்லத்தேன் உன்னையக் கேட்டேன். நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். நீ பாக்கலைன்னுட்ட. படிச்ச பய, இவனுக்கு இது கேவலமாத் தெரியுது போல, சபையில இவன் மூஞ்சியக் கெடுப்பானேன்னு நானும் பேசாம இருந்துட்டேன்."

சொல்லிவிட்டு ஒரு கை கடலையை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

யாருக்குப் பயந்து உங்களை விட்டுக்கொடுத்தேனோ, அவருக்கு என்னைவிட நன்றாக எல்லாம் தெரிந்திருந்தது. அந்த மண்டபத்தில் உண்மை தெரிந்தவர்களில், ஆண்டிக்கு வாரிசு என்பதை அவமானமாக நினைத்தவன் நான் ஒருத்தன்தான். அந்த ஒருத்தனுக்காக நீங்களும் சித்தப்பாவும், ஒருவருக்கொருவர் தெரியாமல், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்.

வளைவில் அந்த எழுத்தை மாற்றச் சொல்லி அடுத்த கூட்டத்தில் பேசப் போகிறேன். பேசுவேன் என்றுதான் நினைக்கிறேன். என் சரிக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும், அதனால் சத்தியம் செய்யவில்லை. ஆனால் சித்தப்பாவிடமும் சொல்லாத ஒன்று மிச்சம் இருக்கிறது. அது உங்களுக்கு மட்டும்தான்.

திருப்பத்தூரில் அந்தக் காகிதத்தை மேசையில் விரித்ததும், நீங்கள் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அந்த அரை நிமிடத்தில் நான் குனிந்து பார்த்துவிட்டேன், அண்ணே. அந்த ள் என்ற எழுத்தை முதலில் பார்த்தவன் நான்தான். பார்த்துவிட்டு நிமிர்ந்து, உங்களுக்கு அந்த எழுத்து மட்டும் தெரியாமல் போகட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.